வில்லர்ட் க்ரீக்கை நான் விசாரித்த கதை

"அம்மா, நீங்கள் ஏன் என்னட்டையே கேக்கேல்லை?" என்று சில கிழமைகளுக்கு முன் நீ தொலைபேசியில் கேட்டாய். இதை எழுத உட்கார்ந்திருக்கும் இப்போதும் அந்தக் கேள்வி காதில் நிற்கிறது. நீ என் மகன். கேட்டால் ஒளிக்காமல் சொல்லக்கூடியவன். உன்னை விட்டுவிட்டு, நான் கண்ணால் காணாத ஒரு அமெரிக்க ஊருக்குத் தொலைபேசி எடுத்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பொய் சொல்லி, நீ கட்டப்போகிற பிள்ளையின் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். பிடிபட்டேன். வரும் சனிக்கிழமை உனக்குக் கலியாணம். அடுத்த மாதம் நீயும் கிளாராவும் அந்த ஊருக்கே குடிபோகிறீர்கள். அந்தத் தொலைபேசிக்குப் பிறகு நாம் இருவரும் மண்டபம், பூ, சாப்பாடு என்று மட்டும்தான் பேசியிருக்கிறோம். மனதில் உள்ளதைப் பேசிச் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

விசாரிப்பது நம்முடைய சனத்தின் பழக்கம். சாதகம் பார்ப்பதற்கு முன்பே அது தொடங்கிவிடும். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், ஆருடைய ஆக்கள், குடி உண்டா, குடும்பத்தில் நோய் வருத்தம் ஏதும் உண்டா. லண்டனுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை, இடம்தான் மாறியது: மளிகைக் கடை, கோயில் வாசல், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடம். உன் அப்பாவுக்கு என்னைப் பேசியபோது அவருடைய ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் மூன்று வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலில் நின்று நாலு பேரிடம் கதை கொடுத்துவிட்டுப் போய்ச் சொன்ன முடிவு: "பெட்டை படிச்சது. குடும்பம் பிழையில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்." எங்கள் பக்கத்தில் விசாரித்தவர் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னது: "பெடியன் நல்லவன். ஆனா எல்லாத்துக்கும் சிரிக்கிறான்." இரண்டுமே சரியாகத்தான் இருந்தன என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்வார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, வரலாற்றில் பட்டம் வாங்கிய திமிர் வேறு. பழைய கார் வாங்குவதுபோல மனிதரை விசாரிக்கிறார்களே என்று கொதித்தேன். என் பிள்ளைக்கு இதைச் செய்யமாட்டேன் என்று உன் முன்னாலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் உன் கேள்வி எனக்கு இவ்வளவு கனக்கிறது.

நீ விஷயத்தைச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். கிளாராவின் தகப்பனுக்குப் பக்கவாதம் வந்ததால் அவள் தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாகத் திரும்பிப் போகிறாள், நீயும் அங்கே காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை எடுத்துவிட்டாய் என்று ஒரே மூச்சில் சொன்னாய். அப்பா கறிக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"எங்கை உந்த ஊர்?"

"நெப்ராஸ்காவிலை, அப்பா. வில்லர்ட் க்ரீக்."

"கடல் இருக்கோ?"

"இல்லை."

"மலை?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்னதான் இருக்கு?"

"காத்து இருக்கு அப்பா. நல்ல காத்து. அதுதானே என்ரை தொழில்."

அவர் சிரித்தார், நீ சிரித்தாய். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினேன். தகப்பனைப் பார்க்கப் போகிற பெண்ணோடு வாதாட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. வாதாட முடியாத இடத்தில் நான் செய்வது வாசிப்பது. அன்று பின்னேரமே அந்த ஊரை வாசிக்கத் தொடங்கினேன்.

ஊரின் நூற்றாண்டு மலரை அந்த ஊர் நூலகம் இணையத்தில் போட்டிருந்தது. நீ அதை வாசித்திருக்கமாட்டாய், அதனால் சொல்கிறேன். அந்த ஊரை உண்டாக்கியது ரயில். நீராவி இயந்திரத்துக்குத் தண்ணீர் நிரப்ப இத்தனை மைலுக்கு ஒரு நிறுத்தம் வேண்டியிருந்தது. வரைபடத்தில் புள்ளி வைத்த குமாஸ்தா தன் மாமனாரின் பெயரை அதற்கு வைத்துவிட்டார். மாமனார் ஒரு நாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. பிறகு ஜெர்மன் விவசாயிகள் வந்தார்கள், ஒரு தேவாலயம் கட்டினார்கள், கலியாண வீட்டில் நடனம் ஆடலாமா கூடாதா என்று சண்டை பிடித்து எதிரே இன்னொன்று கட்டினார்கள். ஓடை பெருகிக் கடைத்தெருவை மூடியபோது கடைகளை அப்படியே மர உருளைகளில் ஏற்றிக் குதிரைகளால் மேட்டுக்கு இழுத்தார்களாம். சவரக்கடைக்காரர் மட்டும் கடையை மூடாமல், நகர்ந்துகொண்டிருந்த கடைக்குள்ளேயே ஒருவருக்கு முகம் வழித்தாராம். இது உண்மையா என்று எனக்குச் சந்தேகம், ஆனால் சிரித்தேன். பிள்ளைகள் குறைந்து, பரம எதிரியான பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்க்க வேண்டி வந்தபோது, விளையாட்டுச் சட்டை என்ன நிறம் என்பதில் இரண்டு ஊரும் இரண்டு வருடம் இழுபட்டிருக்கின்றன. கிழமைக்கு ஒருமுறை வரும் செய்தித்தாளில் ஆர் வீட்டில் ஆர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டார்கள், ஆருடைய அக்கா எந்த ரயிலில் வந்து எத்தனை நாள் நின்றார் என்றெல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். இங்கே லண்டன் குட்மேய்ஸில் நம்முடைய தெருவையும் அடுத்த சில தெருக்களையும் சேர்த்தால் வரும் அளவுதான் அந்த ஊரின் சனம். நம் தெருவில் மூன்றாம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அங்கே மூன்றாம் வீட்டார் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன சமைத்தார்கள் என்பது செய்தி.

ஒரு வரி மட்டும் என்னைச் சுட்டது. மலரின் முதல் பக்கம் "எவருமற்ற வெறும் புல்வெளி" என்று தொடங்குகிறது. அடுத்த பக்கத்திலேயே, உழுத நிலத்தில் பிள்ளைகள் அம்பு முனைகளைப் பொறுக்கினார்கள் என்று வருகிறது. அந்த அம்புகள் யாருடையவை என்று எழுதியவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நிலம் தானாக வெறுமையாவதில்லை, யாரோ வெறுமையாக்குகிறார்கள் என்பதை போருக்குப் பயந்து வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்த நம்முடைய சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு மடிக்கணினியை மூடிவிட்டேன். அடுத்த நாள் நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

எடுத்தவர் மார்லீன் என்ற நூலகர். லண்டனில் ஒரு ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னேன், அது உண்மை. சிறிய ஊர்களின் வரலாற்றை ஆராய்கிறேன் என்று சொன்னேன், அது பொய். அவர் ஒரு மணித்தியாலம் எனக்காகச் செலவழித்தார். மலரில் இல்லாத ஒன்றையும் சொன்னார். முதலாம் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மனில் பிரசங்கம் செய்வதை நிறுத்தமாட்டேன் என்ற போதகரின் வீட்டுக் கதவில் ஊர்க்காரர் சிலர் துரோகி என்று காட்ட மஞ்சள் பெயின்ற் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றியவர்களும் ஜெர்மன்காரர்தான், அதற்கு இரண்டு வருடம் முன்புதான் தங்கள் ஜெர்மன் பெயரை ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர்கள். போதகர் கதவைத் துடைக்கவே இல்லை. சாகும்வரை அந்த மஞ்சள் கதவைத் திறந்துதான் வெளியே வந்தார். ஊற்றியவர்களின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் செய்து வைத்தார், ஊற்றியவர்களை அடக்கமும் செய்தார்.

"புத்தகத்தில் இது இல்லையே?" என்றேன்.

"இருக்காது. பெயின்ற் ஊற்றியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் புத்தகம் போட்டவர்கள்" என்றார் மார்லீன்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்த துணிவில்தான் மெதுவாகக் கிளாராவின் வீட்டுப் பெயரைச் சொல்லி, அந்தக் குடும்பம் எப்படி, பழைய குடும்பமா, வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டேன். மனோர் பார்க்கில் நின்ற அந்தப் பெரியப்பாகூட இவ்வளவு அவசரப்பட்டிருக்கமாட்டார். மார்லீன் நேராகவே கேட்டார்.

"நீங்கள் அந்தப் பையனுடைய அம்மாவா?"

குறிப்பெடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"லண்டனிலிருந்து இந்த நூலகத்துக்கு இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. கிளாரா கட்டப்போவது லண்டன் பையனை. இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை." அவர் குரலில் கோபம் இருக்கவில்லை, அதுதான் இன்னும் கூசியது. "இன்று மாலை கிளாராவின் அம்மா ரூத்தும் நானும் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்கு நிற்போம். அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை மறைத்துப் பாட என்னால் முடியாது. சொல்லிவிடுவேன். அதை முதலில் உங்களிடம் சொல்வதுதான் நியாயம்."

மற்றது உனக்குத் தெரியும். அடுத்த நாள் காலை நீ எடுத்தாய். "நான் என்ன பிழை செய்தனான் எண்டு அவள் கேக்கிறாள், அம்மா. நான் என்ன சொல்லுறது?" என்றாய். பிறகுதான் அந்தக் கேள்வி. இந்தக் கலியாணம் வேண்டுமா என்று கிளாரா யோசிக்கிறாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அப்பா கேட்டார்: "உமக்கு உந்த வேலை தேவையோ? துப்பறியிறதெண்டால் சம்பளத்துக்கெல்லோ செய்ய வேணும்." "பகிடி விடாதேங்கோ" என்றேன். "பகிடி விடாமல் இருந்தால் நான் அழ வேணும். எது நல்லம்?" என்றார். ஆறு நாள் நீ எடுக்கவில்லை. வேலையில் பழைய பத்திரங்களுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருந்தேன், ஒரே பத்திரத்துக்கு இரண்டு தடவை இலக்கம் போட்டேன்.

பிறகு ரூத்தின் கடிதம் வந்தது. கையால் எழுதி, முத்திரை ஒட்டி அனுப்பியிருந்தார். கிளாராவை நீ எப்படிச் சமாதானப்படுத்தினாய் என்று நான் கேட்கவில்லை. சமாதானப்படுத்தியது நீ இல்லை, ரூத்துதான் என்று பிறகு அறிந்தேன். "ஒரு மணித்தியாலத்தில் பிடிபடுகிற மனுசி பொய்யில் பழகினவள் இல்லை" என்று மகளிடம் சொன்னாராம். எனக்கு எழுதியதை உனக்கு நான் காட்டவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். நான் மார்லீனிடம் கேட்டவற்றுக்கெல்லாம் அதில் பதில் இருந்தது. தன் தம்பி குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு மனிதரின் காலை முறித்தான், சிறையில் இருந்தான், வெளியே வந்ததிலிருந்து அந்த மனிதரின் வீட்டுப் புல்லை அவன்தான் வெட்டுகிறான். தானும் தன் அக்காவும் ஒரு பியானோவுக்காகப் பதினொரு வருடம் பேசாமல் இருந்தார்கள், ஒரே தேவாலயத்தில், ஒரே வரிசையில். கணவருக்கு நோய்க்குப் பிறகு திடீரென்று அழுகை வரும், கலியாணத்திலும் வரலாம், பயப்பட வேண்டாம். கிளாரா ஈரத் துவாயைக் கட்டிலில் போடுவாள். கடைசியில் இப்படி: "இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். என் மகளின் புதுக் குடும்பம் மட்டும் தெரியாமல் இருப்பது சரியில்லை. இனி உங்கள் முறை. விரும்பினால் மட்டும்."

நான் விரும்பினேன். தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்குத் தெரியாத ஒன்றை அவருக்கு எப்படி எழுதுவது என்று பேனையை மூடினேன். அதனால்தான் இந்தக் கடிதம் முதலில் உனக்கு வருகிறது.

உன் பெரிய மாமா அவுஸ்திரேலியாவில் இருக்கிறார், ஏதோ கோபத்தில் எங்களோடு கதைப்பதில்லை என்று சொல்லி உன்னை வளர்த்தோம். அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. இதே லண்டனில், வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிறார்.

என்னைவிட மூன்று வயது மூத்தவர். இருவரும் ஒன்றாகத்தான் இந்த நாட்டுக்கு வந்தோம், எனக்குப் பதின்மூன்று. பொறியியல் இரண்டாம் வருடத்தில் அண்ணைக்கு இல்லாத ஆட்களின் குரல்கள் கேட்கத் தொடங்கின. பாடக் கொப்பியில் ஒரு பக்கம் கணக்கும் மறு பக்கம் அந்தக் குரல்கள் சொன்னதும் இருக்கும். ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. இப்படியே சில வருடம் போய், நான் பட்டம் வாங்கியதும் எனக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கினார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் அப்பா, "இனி ஆர் கேட்டாலும் அவன் அவுஸ்திரேலியா" என்றார். அவ்வளவுதான். மூன்று வெள்ளிக்கிழமை நின்ற பெரியப்பாவுக்கும் அவுஸ்திரேலியாதான் சொல்லப்பட்டது. என் வாய் நீளம் என்று கண்டுபிடித்தவருக்கு, அது எங்கே மூடியிருந்தது என்று தெரியவில்லை. விசாரிப்பதைப் பார்த்துக் கொதித்தேன் என்று மேலே எழுதினேனே, அந்தக் கொதிப்பில் பாதி பயம்.

கலியாணமாகி ஆறாம் மாதம் உன் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "எந்த பஸ்சிலை போறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து வருகிறார். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அவர் எத்தனையோ முறை சொன்னார். அம்மம்மா, தான் கண்மூடும் வரையாவது வேண்டாம் என்று கெஞ்சினார். அவர் போய் ஆறு வருடமாகிறது. இந்த ஆறு வருடமும் ஒளித்தது நான். அதற்கு என் அம்மாவைச் சாட்ட முடியாது.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போவதை நீ எப்போதும் பகிடி பண்ணுவாய்: "அம்மா கடவுளை நம்பமாட்டா, ஆனா லண்டனைக் குறுக்கறுத்துப் போய்க் கும்பிடுவா." கோயிலுக்கும் போனேன். ஐந்து நிமிடம் நிற்பேன், பிரசாதத்தை வாங்கிக்கொண்டு அண்ணையிடம் நடப்பேன். இன்னும் ஐந்து பேரோடு ஒரு வீட்டில் இருக்கிறார், பராமரிக்க ஆட்கள் உண்டு. மருந்து ஒத்துக்கொண்டு கனகாலம். குறுக்கெழுத்துப் போடுவார், மற்றவர்களின் பூச்சட்டிகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுவார், தொலைக்காட்சியில் கிரிக்கெட் போனால் நான் வந்ததையே கவனிக்கமாட்டார். உன் பள்ளிக்கூடப் படங்கள் ஒவ்வொரு வருடமும் அவரிடம் போயிருக்கின்றன. "பெடியன் என்னைப் பற்றிக் கேக்கிறவனோ?" என்பார். "ஓம், கேக்கிறவன்" என்பேன். மார்லீனிடம் சொன்ன பொய் என் முதல் பொய் இல்லை என்று ரூத்துக்குத் தெரியாது.

உன்னிடம் நான் கேட்காததற்கு இதுதான் காரணமா என்று என்னால் அறுதியாகச் சொல்ல முடியாது. நேரே கேட்டால் நேரே திருப்பிக் கேட்பார்கள் என்ற பயம் எனக்குள் ஊறிப்போயிருக்கலாம். நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அந்த ஊரை நான் அழகாக்கிப் பார்க்கவில்லை, நீயும் பார்க்காதே. எல்லாருக்கும் எல்லாம் தெரிவதும் எல்லாரும் நல்லவர்களாக இருப்பதும் ஒன்றல்ல. அந்த மஞ்சள் கதவு ஊர் முழுவதற்கும் தெரிந்துதான் இருந்தது. பெயரை மாற்றிக்கொண்டவர்கள்தான் மொழியை மாற்றாதவரின் கதவில் பெயின்ற் ஊற்றினார்கள் என்பதை நினைவில் வை, உன் பெயரைச் சுருக்கிக் கூப்பிட அவர்கள் ஆசைப்படுவார்கள். எதிரே கார் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவது அங்கே வணக்கம் என்று கிளாரா சொன்னாள், அதைச் செய். யாராவது செத்தால், தெரியாதவராக இருந்தாலும் போ. அந்த அம்புகள் யாருடையவை என்று மார்லீனிடம் கேள், அவருக்குத் தெரிந்திருக்கும். உனக்கோ உன் பிள்ளைக்கோ ஒரு வருத்தம் வந்தால் அதை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பாதே.

எவ்வளவு கோபப்பட வேண்டுமோ படு, உனக்கு அதற்கு உரிமை இருக்கிறது. கலியாணத்துக்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் இல்லை. நிம்மதி என்ற சொல்லை நான் லேசில் பாவிப்பதில்லை. ஆனால் இவ்வளவையும் எழுதிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன், அது தேத்தண்ணியாகவே ருசித்தது. கனகாலத்துக்குப் பிறகு.

இதைப் புதன்கிழமை பின்னேரம் உன் கையில் தந்தேன். இனி வருவது உன்னிடம் உள்ள பிரதியில் இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நீ எடுத்தாய். வணக்கம், சுகம் ஒன்றும் இல்லை. "அம்மா, மாமாவுக்குச் சேர்ட் என்ன சைஸ்?" நான் போனை அப்பாவிடம் நீட்டினேன். அப்பா போனை வாங்கி, "பதினாறரை. கை கொஞ்சம் கட்டை" என்றார். மத்தியானம் நீ, கிளாரா, அப்பா, நான் என்று நாலு பேரும் வெஸ்ட் ஈலிங்கில் இறங்கினோம். அண்ணை கதவைத் திறந்து உன்னை மேலும் கீழும் பார்த்தார். "போட்டோவிலை இதைவிட மெலிவு" என்றார். கிளாரா பழகி வைத்திருந்த "வணக்கம் மாமா"வைச் சொன்னாள். அவர் அவளிடம் எந்த ஊர், பனி எவ்வளவு விழும், எத்தனை சனம் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நீ சேர்ட்டைக் கொடுத்தாய்.

"கலியாணத்துக்கு எத்தினை பேர்?"

"முன்னூறு வரும், மாமா."

"ஏலாது."

"பரவாயில்லை மாமா. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை சாப்பாடு, நாங்களும் கிளாராவின்ரை அம்மா அப்பாவும் மட்டும்தான்."

அண்ணை சேர்ட்டை விரித்துப் பார்த்தார். "அப்ப ஞாயிறு வாறன்."

சேர்ட்டை அப்போதே போட்டார். கை நீளமாக இருந்தது. கிளாரா கேட்டுவிட்டு இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். வெளியே வரும்போது பணியாளர் கூப்பிட்டு, வந்தவர்களின் புத்தகத்தில் எழுத மறந்துவிட்டோம் என்றார். பெயர், யாரைப் பார்க்க, உறவு, போகும் நேரம். இத்தனை வருடமும் அந்தப் புத்தகத்தில் அண்ணையின் பெயருக்கு எதிரே என் பெயரும் உன் அப்பாவின் பெயரும்தான். நீ எழுதினாய்: மருமகன். கிளாரா பேனையை வாங்கித் தன் பெயரை எழுதி, உறவு என்ற கட்டத்தில் நிறுத்தி உன்னைப் பார்த்தாள். பின்னால் படியில் நின்ற அண்ணை சொன்னார்:

"மருமகள் எண்டு எழுதச் சொல்லு. சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தானே."

அவள் எழுதினாள். போகும் நேரம் நாலு பத்து.